மேல்மாடி ஹெல்மெட் தொட்டிகள்

1

இந்தக் கதை என் சமையலறை ஜன்னலில் பிறந்தது. எங்கள் மாம்பலம் பிளாட்டில், மேல்மாடி அசோகனின் பால்கனி அந்த ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறது. அது கட்டியவரின் தவறு. பால்கனிக் கம்பியில் ஹெல்மெட்டுகள் தலைகீழாகத் தொங்கும், ஒவ்வொன்றிலும் பொன்னாங்கண்ணி.

முதல் வரியை இப்படித்தான் எழுதினேன்: ‘அசோகன் ஒரு ஹெல்மெட் திருடர். ரங்கநாதன் தெருவில் நிற்கும் வண்டிகளிலிருந்து அவர்...’

(அடித்துவிட்டேன். ஆதாரம் போதாது.)

2

விசாரித்தேன். பொழுதுபோக்காக பைக் ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு அனுமதி கொடுக்கும் கிளப்பில் அவர் சோதனை அதிகாரி. கீழே விழுந்த ஹெல்மெட் வெளியே பளபளத்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கலாமாம். விழுந்தது தெரிந்தால், மறுபடி யாரும் மாட்ட முடியாதபடி அங்கேயே அதன் தாடை வாரைக் கத்தரித்துவிடுவார். உரியவர் கோபத்தில் எறிந்துவிட்டுப் போவதை எடுத்துவந்து கீரை நடுகிறார்.

சரி. ஆனால் அவர் மகள் சரண்யாவும் அதே கிளப்பில்தான் ஓட்டுகிறாள். அவள் ஹெல்மெட்டை யார் சோதிக்கிறார்கள்?

(அடிக்குறிப்பு: அவரேதான். நான் கேட்கவில்லை, வாட்ச்மேன் சொன்னது காதில் விழுந்தது.)

3

சரண்யா பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கையில்லை. மிகவும் நல்லவளாக வந்துகொண்டிருந்தாள். அப்புறம் நேற்று, சனிக்கிழமை, அவள் கையிலிருந்து ஹெல்மெட் நழுவி, ஒவ்வொரு படியாக உருண்டு, என் வாசலில் வந்து நின்றது.

“ஆன்ட்டி, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. நாளைக்கு ரேஸையும் ஓடி முடிச்சாதான் பெரிய லைசென்ஸ் தருவாங்க. வேற ஹெல்மெட் இல்ல.”

“நான் எதுக்கும்மா சொல்லப்போறேன்?”

“எதுக்குன்னு நீங்களா கேக்கறீங்க?”

4

முடிவு ஒன்று: அசோகன் கண்டுபிடிக்கிறார். அப்பாவும் மகளும் கட்டிக்கொண்டு... (வேண்டாம். அந்த வீட்டில் யாரும் யாரையும் கட்டிக்கொண்டதில்லை. நான் பார்த்திருப்பேன்.)

முடிவு இரண்டு: கடைசி வளைவில் சரண்யாவின் வண்டி சறுக்கி, அவள் தலை... (இதை எழுதமாட்டேன்.)

5

இன்று விடிகாலை மணி அடித்தது. வாசலில் அசோகன், கையில் அதே ஹெல்மெட். பின்னால் படியில், பையை மாட்டிக்கொண்டு சரண்யா.

“சுத்திச் சுத்திப் பாத்துட்டேன் மேடம், ஒரு கீறல் இல்ல. ஆனா ராத்திரியிலேர்ந்து இவ முகம் சரியில்ல. இந்த பில்டிங்ல எது விழுந்தாலும் உங்களுக்குத் தெரியாம இருக்காது. இது விழுந்துதா?”

‘ஆமாம்’ என்ற பதிலுக்காகக் கேட்கிறாரா, ‘இல்லை’க்காகவா? அவர் சட்டைப்பையைப் பார்த்தேன். கத்தரி இருந்தது.

யாரும் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொல்லி வந்தவள் நான். முதன்முறையாக ஒருவர் மணியடித்துக் கேட்கிறார். சரண்யா என் வாயையே பார்க்கிறாள்.

நீங்களும்தான் பார்த்தீர்கள், அது உருண்டதை. தெரியாது என்று இனி உங்களாலும் சொல்ல முடியாது. நான் வாயைத் திறந்துவிட்டேன். வார்த்தையை நீங்கள் போடுங்கள்.