கண்ணையனுக்குப் புது டயர்

கண்ணையன் சைக்கிளில் வந்து இறங்கியதும் யூஜின் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். அதில் பொய் இல்லை. அவனுடைய பொய்யெல்லாம் மறுநாள்தான் வந்தது. சென்னையில் ஒரே சைக்கிள் கடையில் வேலை பார்த்து, ஒரே பாயில் படுத்து வளர்ந்த சிநேகம் அது. அப்பா செத்ததும் யூஜின் புதுச்சேரிக்குத் திரும்பி, இங்கே ஒரு சைக்கிள் கடையில் சேர்ந்துவிட்டான். சென்னையிலேயே தங்கிவிட்ட கண்ணையன்தான் இப்போது கன்னியாகுமரிவரை சைக்கிளிலேயே போவதாகக் கிளம்பி வந்திருக்கிறான். பிள்ளைச்சாவடிப் பக்கம் எதிர்காற்றில் மிதித்து மிதித்து முகம் கறுத்துப்போயிருந்தது. சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு.

ஊர் சுற்றும் ஆசையில் கிளம்பிய பயணம் இல்லை இது. பொங்கலுக்குள் கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தால் கடைக்கு நல்ல விளம்பரம் என்று, சைதாப்பேட்டையில் திறக்கப்போகிற கிளைக்கடையை அவன் பொறுப்பில் விடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். கடை வந்தால்தான் மாமன் தன் பெண்ணைக் கொடுப்பார். பத்திரிகையில் படம் வேறு வந்துவிட்டது. பாதியில் திரும்பினால் கடையும் இல்லை, பெண்ணும் இல்லை. பழைய வேலையில்கூட வேறு ஆள் உட்கார்ந்தாகிவிட்டது.

சாயங்காலம் யூஜினின் அம்மா ஆனந்தமேரி வஞ்சிர மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். பத்திரிகையில் படம் வந்தவனைப் பார்க்க அக்கம்பக்கம் எல்லாம் வாசலில் வந்து நின்றது.

"ஏம்பா, இவ்ளோ தூரம் சைக்கிள்ல போவணும்னு உனக்கு எப்பிடிப்பா தோணுச்சு?" என்று ஆனந்தமேரி கேட்டாள்.

"ஒருநாளு மெரினாவுல குந்திக்கினு கடலப் பாத்துக்கினு இருந்தேம்மா. இந்தக் கரையப் புடிச்சிக்கினே போனா எங்க போய் முடியும்னு யோசிச்சேன். அப்பிடியே மனசுல உழுந்துச்சு."

யூஜினின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. மெரினாவில் அன்றைக்குக் குந்தியிருந்தவர்கள் இரண்டு பேர். மனசில் விழுந்தது யூஜினுக்கு. எந்த ஊரில் தங்குவது, எந்த ஆற்றை எங்கே தாண்டுவது என்று மணலில் விரலால் கோடு கிழித்துக் காட்டியவன் அவன். 'உனக்குப் பைத்தியமாடா' என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவன் இந்தக் கண்ணையன். இன்றைக்கு அவனே யூஜின் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, யூஜினின் அம்மாவிடமே அதைத் தன்னுடையது என்கிறான். வேண்டுமென்று சொன்ன பொய்கூட இல்லை. கும்பலைப் பார்த்த குஷியில் வாயில் வந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு வயிறு எரிந்தது. எரிச்சலை அங்கேயே கொட்டி இரண்டு வார்த்தை சண்டை போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். யூஜின் சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு மீனை நண்பன் இலையில் வைத்தான்.

புதுச்சேரியில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரன் ஊரில் சரக்கு மலிவு. எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் சாவடி. புதுச் சாமான் எது கண்ணில் பட்டாலும் பிடுங்கிக்கொள்வான். அதனால் புது வேட்டி வாங்கினால் சாக்கடைத் தண்ணீரில் முக்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். புதுச் செருப்பைச் சேற்றில் மிதிப்பார்கள். புதுப் பாத்திரத்தில் கரியைப் பூசுவார்கள். ஆற்காட்டுப் பக்கத்து ஆளான கண்ணையனுக்கு இந்த வித்தையெல்லாம் தெரியாது.

மறுநாள் காலையில் யூஜின், சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்படி தன் கடை முதலாளியிடம் சொல்லிவிட்டு, இரண்டு புத்தம்புது பிரெஞ்சு டயர்களோடு வீட்டுக்கு வந்தான். ஒட்டுப்போட்ட பழைய டயர்களைக் கழற்றி எறிந்துவிட்டுத் தானே உட்கார்ந்து மாட்டினான். கண்ணையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்காவ ஏண்டா இவ்ளோ செலவு? ஆமா, உள்ள வரும்போது சாவடியில வண்டியச் சுத்திச் சுத்திப் பாத்து, பழைய டயருன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தானே. இதுக்கு வரி கிரின்னு ஏதாவது கேப்பானா?"

"ஓடற சக்கரத்துக்கு எவண்டா வரி கேப்பான்? சரக்கா கட்டி எடுத்துக்கினு போனாத்தான் கேப்பான்."

தண்ணீர்ச் செம்போடு வந்த தங்கை லூர்துசெல்வி டயரைப் பார்த்ததும் பதறி, அண்ணன் காதோடு சொன்னாள். "அண்ணே, செம்மண்ணுல ரெண்டு உருட்டு உருட்டி உட்டுடு."

"உன் வேலையப் பாரு, போ."

அவள் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு செம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். யூஜின் ஈரத்துணியை எடுத்து இரண்டு டயரையும் பளபளவென்று துடைத்தான். சிநேகிதன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று தெருவே மெச்சியது. பாவிக்கு அந்த மெச்சலும் இனித்தது.

வழியனுப்புவதற்காக யூஜினும் கடையில் கிடந்த ஒரு பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கூடவே போனான். அரியாங்குப்பம் தாண்டி, நோணாங்குப்பத்து ஆற்றங்கரையில் இறங்கி முகம் கழுவினார்கள். கண்ணையன் ஈர முகத்தைத் துடைக்காமலே பேசினான்.

"நேத்து உங்கம்மாகிட்ட நான் சொன்னது பொய்யிடா. யோசனை உன்னுது. ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே வரல. திரும்பி வந்ததும் பத்திரிகக்காரன்கிட்ட உன் பேரச் சொல்றேன். கடையிலயும் உன்னச் சேத்துக்கறேன். ரெண்டு பேருமா நடத்தலாம்."

சாவடிக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. காலடியில் வேண்டிய மட்டும் சேறு கிடந்தது. குனிந்து இரண்டு கை அள்ளிப் பூசினால் போதும். ஆனால் பூசினால் காலையிலேயே ஏன் பூசவில்லை என்று அவன் கேட்பான், அதற்கு என்ன சொல்வது என்றுதான் யூஜினின் மனசு கணக்குப் போட்டது. ஒரு மனிதனின் வாழ்க்கை ஒரு பக்கம், இவனுடைய வெட்கம் ஒரு பக்கம். வெட்கம்தான் ஜெயித்தது.

"அதனால என்னடா, வா, நேரமாவுது" என்றான்.

எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் யூஜின் நின்றுகொண்டான். சாவடிச் சேவகன் சீட்டை வாங்கிப் படித்தான். டயரை விரலால் தடவிப் பார்த்தான். புது ரப்பரின் பிசிறுகூட இன்னும் உதிரவில்லை. கண்ணையன் கையெடுத்துக் கும்பிடுவது இங்கிருந்தே தெரிந்தது. யார் கொடுத்தது, எந்தக் கடை என்று கேட்டுச் சேவகன் பளாரென்று ஓர் அறை விட்டான். கண்ணையன் ஒரு தடவை புளியமரத்தைப் பார்த்தான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தெருவுல வித்தாங்க சாமி, வாங்கினேன். ஆளு யாருன்னு தெரியாது."

இன்னொரு அறை விழுந்தது. வண்டியை உள்ளே உருட்டிக்கொண்டு போனார்கள். யூஜின் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, பின்னால் பார்க்காமல் வீட்டுக்கு மிதித்தான்.

பொழுது சாயும் நேரத்தில் கண்ணையன் துணிமூட்டையோடு நடந்தே வந்து சேர்ந்தான். கன்னம் வீங்கியிருந்தது. ஆனந்தமேரி, "ஆண்டவரே" என்று கதறிவிட்டாள்.

"உம் பேரச் சொல்லலடா. சொல்லியிருந்தா உன் வேலையும்ல போயிருக்கும். உனக்கும் தெரியாமத்தானே மாட்டிக் குடுத்த" என்றான் கண்ணையன். லூர்துசெல்வி அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு கண்ணையன் மெல்ல ஆரம்பித்தான். "எனக்கு இனிமே வண்டி ஏது? சாவடியில எம் பேர வேற எழுதி வெச்சிக்கினான், இனிமே அந்தப் பக்கம் என்னை உடமாட்டான். நீ போடா. உன் கடை வண்டி பழசு, அத எவனும் கேக்க மாட்டான். யோசனையும் உன்னுது. சைதாப்பேட்டக் கடைய உனக்கே குடுக்கச் சொல்லி மொதலாளிக்கு நானே எழுதிப் போடறேன். நீ திரும்பி வர்ற வரிக்கும் இங்க உன் வேலைய நான் பாத்துக்கறேன்."

இதைக் கேட்டு யூஜின் அவன் காலில் விழுந்திருக்க வேண்டும். ஒரு நிமிஷம் கண்ணில் நீர்கூட வந்தது. அந்த நீரைக் கண்ணையன் நன்றி என்று எடுத்துக்கொண்டு தோளைத் தட்டினான். யூஜின் தலையைக் குனிந்துகொண்டு, "சரிடா" என்றான்.

விடிந்ததும் கண்ணையனே உட்கார்ந்து வண்டிக்குக் காற்றடித்தான். சங்கிலிக்கு எண்ணெய் விட்டான். தன் தொப்பியைக் கழற்றி நண்பனின் தலையில் வைத்தான். யூஜின் ஏறி மிதித்தபோது தெருமுனைவரை கூடவே ஓடிவந்தான்.

"கன்னியாகுமரிக் கடல்ல எனக்கும் சேத்து ஒரு முழுக்குப் போடுடா!"

யூஜின் கையை ஆட்டிவிட்டு வேகமாக மிதித்தான். சாவடியில் அதே சேவகன்தான் நின்றிருந்தான். தேய்ந்த டயரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போ என்று கைகாட்டினான்.