சாவி கொடுக்கக் கூடாத வாட்ச்

என் மூத்தார் கிருஷ்ணசாமி கையில் கட்டியிருந்த வாட்ச் அன்றைக்கும் நின்றுவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தபடியே அதைக் கழற்றி, உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, காதில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாட்ச் நின்றால் என்னைப் பார்ப்பது அந்த வீட்டில் வழக்கமாகிவிட்டிருந்தது.

வாட்ச் அவர் தம்பியுடையது, என் வீட்டுக்காரருடையது. சக்கரபாணி என்று பேர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குப் போனவர், அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். அவர் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்த பட்டாளத்துக்காரர், "இது ஆட்டமேட்டிக்கு, சாவி குடுக்கவே வேணாம், அதுவா ஓடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவாக ஓடும் என்றால் மூத்தாருக்கு வேறென்ன வேண்டும்? பாகூர்ப் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தவர் அவர். காபி அதுவாக வரும், வெந்நீர் அதுவாகக் காயும், வேட்டி அதுவாக வெளுக்கும். என் ஓரகத்தி ஆதிலட்சுமி அக்காதான் அந்த 'அதுவாக'. பெட்டி வந்த அன்றே வாட்ச்சை எடுத்து அவர் கட்டிக்கொண்டார். சாவி கொடுக்கக் கூடாத வாட்ச் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகக் காட்டினார். அது நாளுக்கொரு தரம் நிற்க ஆரம்பித்ததும் அவருக்கு மானம் போயிற்று.

உப்பளத்தில் குறி சொல்லும் பாவாடை என்பவனிடம் போய்க் கேட்டிருக்கிறார். செத்தவர் மனசு ஆறவில்லையாம். பெண்டாட்டி வீதியில் இறங்கி மில்லுக்குப் போவது பொறுக்காமல் அவர்தான் வாட்ச்சைப் பிடித்து நிறுத்துகிறாராம்.

"வர்ற வெள்ளிக்கிழமை படையல் போட்டுடலாம்" என்றார் மூத்தார். "அத்தோட நீ மில்ல வுட்டுடு. பாகூர்ல ஒங்க அண்ணன் வூட்டோட போயி இரு."

மில்லில் எனக்கு அறுந்த நூலை முடிச்சுப்போடும் வேலை. நாள் முழுக்க நின்ற இடத்தில் நிற்க வேண்டும், கை மட்டும் ஓயாமல் ஓட வேண்டும். சாயங்காலம் தோள் விண்விண்ணென்று தெறிக்கும். ஆனாலும் அங்கே நான் அஞ்சலாட்சி. வீட்டில் வெறும் 'அறுத்தவ'. அண்ணன் வீட்டுக்குப் போனால் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு மூலை, அண்ணி பார்த்துப் போடும் சோறு. போக மாட்டேன் என்று அப்போதே மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். நிஜமாகவே என் வீட்டுக்காரருக்கு என்மேல் கோபமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியதும் உண்மை. உடனே எரிச்சல் வந்தது. உயிரோடு இருந்தவரை என்னை ஒரு வார்த்தை அதட்டாத மனுஷன், செத்த பிறகா வாட்ச்சை நிறுத்தி மிரட்டப் போகிறார்?

"படையலுக்கு முன்னாடி ஒருதரம் கடையில காட்டிடலாம் மாமா. போற வழியில நானே குடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

"காட்டு, காட்டு. ஆவி பண்ற வேலைக்குக் கடைக்காரன் என்னா பண்ணுவான்" என்று வாட்ச்சை அக்கா கையில் கொடுத்தார். அக்கா அதை என் முந்தானையில் முடிந்துவிட்டாள்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் வாட்ச் ரிப்பேர் செய்யும் அலெக்சாண்டர் வாய்த்துடுக்கான ஆள். "வாங்க மதாம்" என்றார். துரைசானிகளைக் கூப்பிடுகிற மாதிரி வெள்ளைப் புடவைக்காரியை யாரும் கூப்பிட்டதில்லை. பின்மூடியைத் திறந்து, கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு பார்த்தார். உள்ளே அரை வட்டமாக ஒரு எடை. வாட்ச்சைச் சாய்த்தால் அது தொங்கிக்கொண்டு சுற்றியது.

"இது சுத்துனாத்தான் உள்ள இருக்கற சுருள் முறுக்கிக்கும். உரசல் இல்ல. எண்ணெயும் காயல." வாட்ச்சின் பக்கவாட்டில் இருந்த திருகைப் பிடித்து முறுக்கினார். சாவி கொடுக்கக் கூடாத வாட்ச்சுக்கு அவர் பாட்டுக்குச் சாவி கொடுத்தார். எனக்குப் பக்கென்றது. "ஒண்ணும் ஆவாது. இங்கியே வுட்டுட்டுப் போங்க. நாளைக்கும் ஓடுனா சுருள் நல்லாருக்குன்னு அர்த்தம்."

மறுநாள் மில் விட்டுப் போனபோது அது ஓடிக்கொண்டிருந்தது.

"வாட்ச்சுல கொறையில்ல. யாரு கட்றாங்க?"

"எங்க மூத்தாரு."

"என்ன வேல அவருக்கு?"

"வூட்டப் பாத்துக்கறாரு."

"எப்படி? ஒக்காந்தா?"

நான் சிரித்துவிட்டேன். தாலி இறங்கிய பிறகு வீதியில் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவரும் சிரித்தார். "கை ஆடுனாத்தான் இது ஓடும் மதாம். காத்தாலயில கொஞ்சம் சாவி குடுத்துக் கட்டிக்கச் சொல்லுங்க, அவரு கையிலயும் ஓடும்."

அதைப் போய்ச் சொல்லியிருந்தால் படையலோடு என் மில் வேலையும் முடிந்திருக்கும். மூத்தார் கையில் வாட்ச் ஓடியிருக்கும். நான் மில்லை விட்டதால்தான் ஓடுகிறது என்று பாவாடை சொல்லியிருப்பான். அலெக்சாண்டர் நீட்டிய வாட்ச்சை நான் வாங்கவில்லை. இடது கையை நீட்டினேன்.

"வாரு பெருசா இருக்கு. இன்னொரு ஓட்ட போட்டுக் குடுங்க."

"ஒங்களுக்கா?"

"எனக்குத்தான்."

என் கையைப் பார்த்தார். வளையல் உடைத்த கை, மணிக்கட்டில் பழைய கீறல் ஒன்று. ஊசியை எடுத்து வாரில் ஓட்டை போட்டார். "நான் குடுத்த சாவி நாளைக்கு ராவோட தீந்துடும். அதுக்கப்புறம் ஓடுனா ஒங்க கையால ஓடுதுன்னு வெச்சுக்குங்க."

வீட்டில் முந்தானையால் மூடிக்கொண்டேன். வாட்ச் கடையிலேயே இருப்பதாக மூத்தார் நினைத்துக்கொண்டார். என் கையில் ஓடுமா என்று எனக்கே முதலில் தெரிய வேண்டும் அல்லவா? மில்லில் மறைக்கவில்லை. பார்த்தவர்கள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள், சிலர் மணி கேட்டார்கள். அலெக்சாண்டர் கொடுத்த சாவி தீர வேண்டிய இரவு கழிந்து, விடிந்ததும் பயந்துகொண்டே காதில் வைத்தேன். ஓடியது. அழுகை வந்துவிட்டது. அடுத்த நாளும் ஓடியது.

வெள்ளிக்கிழமை காலையில் படையல் போட்டிருந்தார்கள். சக்கரபாணியின் படத்துக்கு முன்னால் வடையும் பாயசமும். வாட்ச்சை வைப்பதற்கென்று தனியாக ஒரு வாழையிலை காலியாகக் கிடந்தது. பாவாடை உடுக்கையோடு உட்கார்ந்திருந்தான்.

"வாட்ச்ச வாங்கியாந்தியா? எலையில வையி" என்றார் மூத்தார்.

முந்தானையை விலக்கினேன். அவர் முகம் கறுத்தது. "அறுத்த கையில வாட்ச்சா? கழட்டுடி!"

"வாட்ச் நின்னா அவருக்குக் கோவம்னு சொன்னீங்க இல்ல மாமா? இப்ப ஓடுது. என் கையில, மில்லுல, நிக்காம ஓடுது. இப்ப அவரு என்னா சொல்றாருன்னு கேட்டுச் சொல்லுங்க."

மூத்தார் பாவாடையைப் பார்த்தார். பாவாடை வடையைப் பார்த்தான். கையை மூத்தாரின் காதுக்குப் பக்கத்தில் நீட்டினேன். அவர் தலையை இழுத்துக்கொண்டார். சமையலறை வாசலில் நின்றிருந்த அக்கா மாவு படிந்த கையோடு வந்தாள். குனிந்து, என் மணிக்கட்டில் காதை வைத்தாள். நிமிரவே இல்லை. உதடு மட்டும் லேசாகக் கோணி, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

"ஓடுது" என்றாள், புருஷனைப் பார்க்காமல்.

மில் சங்கு ஊதியது. அக்கா அந்தக் காலி வாழையிலையை எடுத்து, இரண்டு வடையை வைத்து மடித்து என் கையில் திணித்தாள். "அஞ்சலாட்சி!" என்று உள்ளேயிருந்து மூத்தார் கத்தியது கேட்டது. நான் முதலியார்பேட்டை வீதியில் இறங்கி, இடது கையைத் தேவைக்கு மேலேயே வீசி வீசி நடந்தேன்.