பெட்டியில் சொன்னபடி வெட்டிய பள்ளம்

1.

ஒன்பதாயிரத்து அறுநூறு. எனக்கும் என் மனைவிக்கும் மேஸ்திரி தர வேண்டிய கூலி அது. இந்தக் கதை அந்தத் தொகையிலிருந்துதான் பிறந்தது. கற்பனை ஊற்றிலிருந்து பிறந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூலி ஒழுங்காகக் கைக்கு வந்திருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்கவே மாட்டேன். முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

நான் மண் வெட்டுகிறவன். தலை நரைத்த பிறகு மாலைப் பள்ளியில் உட்கார்ந்து எழுத்துக் கற்றவன். ஆகவே கதையை எப்படித் தொடங்குவது என்பதில் எனக்குக் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு. முதலில் இப்படித் தொடங்கினேன்:

கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி நகரத்தின் கூரைகளை மெல்ல—

[மனைவியிடம் படித்துக் காட்டினேன். கதிரவனுக்காவது கூலி வருதா என்று கேட்டாள். விட்டுவிட்டேன்.]

அந்தக் கம்ப்யூட்டர் அறையில் மர்மமான ஓர் அமைதி—

[பொய். மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது.]

அப்புறம்தான் தொகையை முதலில் போட்டேன். அது பொய் சொல்லாது.

2.

குடிநீர்க் குழாய் புதைக்கப் பள்ளம் வெட்டும் வேலை. வழக்கமாக மேஸ்திரி வந்து செருப்பு நுனியால் மண்ணில் கோடு இழுத்துக் காட்டுவார், வெட்டுவோம். இந்த முறை அவர் வேறு இடத்துக்கு ஓட வேண்டியிருந்தது. நகராட்சி அலுவலகத்தில் கொடுத்த வரைபடத் தாளை என் கையில் திணித்து, "உனக்குத்தான் இப்ப எழுத்து தெரியுமே, பாத்து வெட்டு" என்றார். அதில் பாதி கேலி, பாதி சோம்பல். எனக்கோ பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது.

தாளின் மூலையில் ஒரு பெட்டி. எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று சொல்லும் குறிப்புப் பெட்டி. சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் 'புதிய குழாய்' என்றும், நீலக் கோட்டுக்குப் பக்கத்தில் 'வார்டு எல்லை' என்றும் போட்டிருந்தது. எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில், மனைவிக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தேன். அவளுக்கு எழுத்து தெரியாது. என் குரலில் இருந்த மிதப்பு மட்டும் நன்றாகத் தெரிந்தது.

சிவப்புக் கோட்டின் வழியே வெட்டினோம். கொஞ்சம் கிறுக்குப் பிடித்த கோடு. தெரு நடுவே நேராக வந்து, காரணமே இல்லாமல் இடப்பக்கம் திரும்பி, ஒரு தையல் கடையின் படியை உரசிக்கொண்டு இரண்டு வீடுகளுக்கு நடுவே புகுந்தது. தையல்காரர் கத்தரிக்கோலும் கையுமாக வெளியே வந்து, தண்ணி எதுக்குய்யா இப்படி ஊர் சுத்திப் போகணும் என்று கேட்டார். படத்துல அப்படித்தான் இருக்கு என்றேன். அதைச் சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு சுகம். படித்தவர்கள் ஏன் அந்தப் பதிலை அடிக்கடி சொல்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பள்ளம் ஒரு வெற்றுச் சுவரில் போய் முட்டி நின்றது. குழாய் கொண்டுவந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தண்ணீர்த் தொட்டி இருந்தது அடுத்த தெருவில்.

நாங்கள் வெட்டியது வார்டு எல்லையை. இதுவரை எந்த மனிதனும் கண்ணால் பார்த்திராத ஒன்று. தாளில் மட்டும் உயிர் வாழ்வது. அதை இடுப்பளவு ஆழத்துக்கு வெட்டி, ஓரம் செதுக்கி, நிலத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டோம்.* தையல்காரர் பள்ளத்தின் இரு பக்கமும் கால் வைத்து நின்று, இனி நான் எந்த வார்டு கவுன்சிலரைத் திட்டுவது என்று கேட்டார்.

* பள்ளம் நேர்த்தியாகத்தான் இருந்தது. தப்பான இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். என்னுடைய சில வாக்கியங்களும் அப்படியே.

3.

[இங்கே மேஸ்திரியின் குணநலன்களைப் பற்றி விரிவாக எழுதியிருந்தேன். மனைவி கேட்டுவிட்டு, இது அவன் காதுக்குப் போனா இருக்கிற வேலையும் போயிடும் என்றாள். தோண்டியதை மூடிவிட்டேன். மண் கொஞ்சம் மேடாகத் தெரியும், மிதித்துவிட்டு வாருங்கள்.]

4.

மேஸ்திரி கைவிரித்தார். அலுவலகம் எழுதிக் கொடுத்தால்தான் கூலி என்றார். அலுவலகமோ, வரைபடம் சரி, படித்தவன்தான் தப்பாகப் படித்திருக்கிறான் என்றது. என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்ட அந்தத் தாளைக் கேட்டால், சேறு பட்டதைக் குப்பையில் போட்டாயிற்று என்றார்கள்.

காசு போனால்கூட வெட்டிச் சம்பாதித்துவிடலாம். ஆனால் மனைவி சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்தபடி ஒன்று கேட்டாள்.

"நீ சரியாத்தான் படிச்சியாய்யா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாக, என் மனம் நோகாதபடி கேட்டாள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. குழாய் என்ற சொல்லையும் எல்லை என்ற சொல்லையும் கையில் எழுதிப் பார்த்தேன். இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனாலும் நாற்பது வருஷம் எழுத்தில்லாமல் இருந்தவனுக்கு எழுத்தின் மேல் முழு நம்பிக்கை எப்போதும் வராது. யாராவது, நீ தப்பு என்று உரக்கச் சொன்னால் போதும்.

மறுநாள் இருவரும் வேலைக்குப் போகாமல் அலுவலகத்துக்குப் போனோம்.

5.

அலுவலகத்துப் பொறியாளரைப் பற்றி எழுதும்போது அவருக்கு முறுக்கு மீசை வைத்தேன். உண்மையில் அவருக்கு மீசையே இல்லை. கெட்டவர் என்று உடனே தெரியட்டும் என்பதற்காக வைத்தது. அப்புறம் யோசித்தேன்: அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்கு உட்கார நாற்காலி காட்டினார். தன் பக்கம் தப்பு இருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் அவருக்குள் நுழைய வழி இல்லை. அதற்கு மீசை தேவையில்லை. மழித்துவிட்டேன்.

வரைபட அறையில் ஒரு பெண் வேலை பார்த்தார். ஒப்பந்த வேலை. பொறியாளர் அவருடைய திரையைக் காட்டி, "பாத்துக்கப்பா. குழாய் நீலம், எல்லை சிவப்பு. ஓரத்துல இருக்கற பட்டியல்லயும் அதேதான். நீதான் மாத்திப் படிச்சிருக்க" என்றார்.

மனைவி திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

அதைத் தாளில் அடித்துத் தரச் சொன்னேன். [பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். திரையில் எழுத்து எறும்பு மாதிரி இருந்தது, எனக்குத் தெரியவில்லை.]

தாள் வந்தது. மூலையில் பெட்டி. சிவப்பு, புதிய குழாய். நீலம், வார்டு எல்லை. மனைவி தாளை அந்தப் பெண்ணிடம் நீட்டி, நீ படிம்மா என்றாள். அவர் படித்தார். பாதியில் குரல் இறங்கிவிட்டது.

பிரிண்டரில் மை கோளாறு என்றார் பொறியாளர். அதாவது சிவப்பு மையும் நீல மையும் பேசி வைத்துக்கொண்டு, அந்தப் பெட்டிக்குள் மட்டும் இடம் மாறிக்கொண்டனவாம். மை மாற்றினார்கள். மென்பொருளை மூடித் திறந்தார்கள். கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டு, அது மனம் திருந்தி வரட்டும் என்று காத்திருந்தார்கள். திரும்பி வந்த கம்ப்யூட்டர் அதே பிடிவாதத்தோடு இருந்தது. பொறியாளருக்கு போன் வந்தது, வெளியே போனார்.

அந்தப் பெண் திரையில் பெட்டியைப் பிடித்து நகர்த்தப் பார்த்தார். பெட்டி மொத்தமாக நகர வேண்டும். சிவப்புக் கோடு மட்டும் தனியாகக் கையோடு வந்து, வடக்கைக் காட்டும் அம்பின் மேல் குறுக்காக விழுந்தது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அந்த மென்பொருளில் வரைபடம் வரைய ஓர் இடம். அச்சுக்குப் போகும் பக்கத்தை அடுக்க இன்னோர் இடம். தலைப்பு, அளவுகோல், அம்பு, பெட்டி எல்லாம் அந்தப் பக்கத்தில். பெட்டிக்கும் வரைபடத்துக்கும் தொடர்பு உண்டு. அங்கே நிறம் மாறினால் இங்கேயும் தானாக மாறும். ஆனால் பெட்டியின் எழுத்துகள் இடத்தில் அடங்காமல் அடம்பிடித்ததால், அவர் அதை வெறும் படமாக மாற்றி, இழுத்துப் பிடித்து உட்காரவைத்திருக்கிறார். அதோடு தொடர்பு அறுந்தது. பிறகு ஒருநாள் பொறியாளர் வந்து, எல்லை எடுப்பாகத் தெரியவில்லை, அதைச் சிவப்பாக்கு, தண்ணீர்தானே, குழாயை நீலமாக்கு என்று சொல்லியிருக்கிறார். வரைபடம் மாறிவிட்டது. பெட்டிக்குச் சேதி போகவில்லை. குடும்பத்தோடு பேச்சை நிறுத்திக்கொண்ட பெரியப்பா, யாருக்கு யாரோடு கல்யாணம் ஆனது என்று தெரியாமல் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருப்பாரே, அந்த மாதிரி.

"நீங்க சரியாத்தான் படிச்சிருக்கீங்க அண்ணே," என்றார் அந்தப் பெண், கதவைப் பார்த்துக்கொண்டே. "இது சாருக்குத் தெரிஞ்சா அடுத்த மாசம் எனக்கு வேலை இல்ல."

பொறியாளர் திரும்பி வருவதற்குள் புதிதாக ஒரு பெட்டியைப் போட்டுவிட்டார். திரையில் எல்லாம் சரி. என்ன கோளாறு என்று கேட்டதற்கு, ரீஃப்ரெஷ் ஆகல சார் என்றார். பொறியாளர் திருப்தியாகத் தலையாட்டினார். எந்தத் தப்புக்கும் பொருந்துகிற, எந்த மனிதனையும் தொடாத பதில். நானும் இனி வீட்டில் அதைச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

6.

முடிவு. மூன்று எழுதினேன்.

முதலாவதில் பொறியாளர் தலைகுனிந்து— [அடித்துவிட்டேன். நானே நம்பவில்லை.]

இரண்டாவதில் வார்டு மக்கள் பள்ளத்தின் இரு கரையிலும் திரண்டு கோஷம் போடுகிறார்கள். [தையல்காரர் பலகை போட்டு மூடிவிட்டு வழக்கம்போல் தைத்துக்கொண்டிருந்தார்.]

மூன்றாவதில் நான் நிமிர்ந்து நின்று, எனக்குக் காசு பெரிதில்லை, என் எழுத்துதான் பெரிது என்று முழங்கி, பொறியாளர் நீட்டிய தாளைக் கிழித்துப் போடுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. மனைவி கேட்டுவிட்டு, வீட்டுக்காரன் வாடகை கேட்டு வந்தா இதையே படிச்சுக் காட்டு என்றாள்.

7.

நடந்தது இதுதான். பொறியாளருக்கு எங்களை அனுப்பிவிட வேண்டும். கருணை அடிப்படையில் கூலி தரச் சொல்லி எழுதுகிறேன் என்றார். எழுத ஒரு தாள் தேடினார். மேசையில் கிடந்ததை எடுத்துத் திருப்பி, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில், நானே சொல்வது போல எழுத ஆரம்பித்தார். வரைபடக் குறிப்பைத் தவறாகப் படித்ததால் தவறான இடத்தில் பள்ளம் வெட்டினேன், வேலை செய்தது உண்மை என்பதால் கூலி வழங்க வேண்டுகிறேன், இப்படிக்கு.

அவர் எடுத்தது சற்றுமுன் அச்சான தாள். முன்பக்கத்தில் பெட்டி: சிவப்பு, புதிய குழாய். நான் பார்த்தேன். மனைவி பார்த்தாள். அந்தப் பெண்ணும் பார்த்தார். விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன. மூவரும் வாயைத் திறக்கவில்லை.

[அந்தப் பெண்ணின் வேலையைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தேன் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். பாதிதான் உண்மை. மறுபாதி ஒன்பதாயிரத்து அறுநூறு.]

படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். நீங்களே படிச்சுச் சொல்லுங்க சார் என்றேன். படித்தார். மைப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டேன்.

"எதுக்குப்பா? உனக்குத்தான் எழுதத் தெரியுமே?"

"தெரியும் சார். அதனாலதான்."

அவருக்குப் புரியவில்லை. இழுப்பறையைக் கிளறிக் காய்ந்துபோன ஒரு மைப்பெட்டியை எடுத்தார். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். 'தவறாகப் படித்ததால்' என்ற சொற்களுக்கு நேர் கீழே கட்டைவிரலை உருட்டி வைத்தேன். தப்பாகப் படிக்க வேண்டுமென்றால்கூட முதலில் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கைநாட்டு வைத்தவனிடம் யாரும் அந்தக் குற்றத்தைச் சுமத்த முடியாது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாலையில் மேஸ்திரி ஒன்பதாயிரத்து அறுநூறையும் எண்ணிக் கொடுத்தார். மனைவி மறுபடி எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவருக்கும் எங்களுக்கும் இனி ஒன்றுமில்லை.

என் பெயரில் இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான். கோப்பில் கைநாட்டுப் பக்கம் மேலே தெரியும்படி வைத்துத் துளை போட்டிருக்கிறார்கள். கதையை அதோடு நிறுத்திக்கொள்கிறேன். தாளைத் திருப்பிப் பார்ப்பதும் பார்க்காமல் மூடுவதும் படிக்கத் தெரிந்த உங்கள் பாடு.