சொந்தப் பிள்ளைக்குத் தூக்கிய விரல்

கணேசமூர்த்திக்கு ஊரில் கெட்ட பேர் கிடையாது. அந்த மனுஷனைப் பிடித்த வியாதியே அதுதான். யாராவது ஒருவர் தன்னைப் பற்றி அரை வார்த்தை குறைவாகச் சொல்லிவிட்டால் போதும், அன்றைக்குச் சோறு இறங்காது. குருபோங்கில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் இருபது வருஷமாகத் தரப் பரிசோதகர் வேலை. அவர் கண்ணை யாராலும் ஏமாற்ற முடியாது என்று அங்கே பேர். கண் நன்றாகத்தான் இருந்தது. கோளாறு வேறு இடத்தில்.

பதின்மூன்று வயதுக்குட்பட்ட பையன்களின் கிரிக்கெட் லீக் அது. ஆறு அணிகள். சனிக்கிழமை காலையில் தங்கா பத்துப் பள்ளித் திடலில் சிமெண்டுத் தளத்தின் மேல் பச்சைப் பாயை விரித்து ஆட்டம் தொடங்கிவிடும். அம்பயருக்குக் கூலி கொடுக்க வழியில்லை என்று லீக்கை நடத்திய மணியம் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். எந்த அணி பேட்டிங் பிடிக்கிறதோ, அந்த அணிப் பையன்களின் அப்பாக்கள் இரண்டு பேர் அம்பயராக நிற்க வேண்டும். அதாவது தன் பிள்ளைக்குத் தானே அவுட் கொடுக்க வேண்டும். எந்த அப்பன் துணிவான்? ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்கு வெயில் ஆகாது, இன்னொருவருக்கு ஆட்டம் தொடங்கும் நேரமாகப் பார்த்துப் போன் வரும். கணேசமூர்த்தி மட்டும் வாரம் தவறாமல் தொப்பியை மாட்டிக்கொண்டு போய் நின்றார்.

அவர் மகன் கவிநேசன் பாயா ரும்புட் ஊர் அணிக்குத் தொடக்க ஆட்டக்காரன். பன்னிரண்டு வயது. பேச்சு குறைவு, ஆனால் மட்டையைப் பிடித்து நின்றால் அசைக்க முடியாது. முதல் ஆட்டம் டவுன் அணியோடு. பந்து அவன் சட்டையை உரசிக்கொண்டு பின்னால் கீப்பர் கைக்குப் போனது. எல்லாரும் கத்தினார்கள். கணேசமூர்த்தி தலையை ஆட்டி, அவுட் இல்லை என்றார். சரியான தீர்ப்புதான். பந்து போட்ட பையன் ஸுஹைர். அவன் அப்பா மீரா சாஹிப்புக்கு டவுனில் துணிக்கடை. நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் அவரால் நின்ற இடத்தில் நிற்க முடியாது. கையில் தே தாரிக் டீயோடு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"அப்பா அம்பயரா நின்னா பையன் சாயங்காலம் வரைக்கும் ஆடலாம் லா."

திடலே சிரித்தது. கணேசமூர்த்தியும் சிரித்தார். உள்ளே சுருக்கென்று தைத்துவிட்டது. வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிச் சொல்லிப் பொருமினார். அவர் விளையாட்டாகச் சொன்னது, விட்டுத் தள்ளுங்கள் என்று மனைவி கமலவேணி சொல்லிப் பார்த்தாள். விடுகிற ஆளா இவர்?

மூன்றாவது வாரம் பந்து கவிநேசனின் காலில் பட்டது. அவுட் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். சந்தேகம் இருந்தால் ஆடுகிறவன் பக்கம் என்பதுதான் முறை. இவர் விரலைத் தூக்கிவிட்டார். எதிரணி அப்பாக்கள் வந்து முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். ஐந்தாவது வாரம் ரன் அவுட். மட்டை கோட்டைத் தொட்டதா இல்லையா என்று இவர் யோசிக்கக்கூட இல்லை. விரல் தானாக மேலே போனது. கணேசமூர்த்தி அண்ணன் நின்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆடலாம் என்று திடலில் பேச்சு பரவியது. அந்தப் பேச்சு அவருக்குச் சர்க்கரையாக இனித்தது. காலில் பட்ட அந்தப் பந்து ஸ்டம்புக்கு வெளியே போகவில்லையா என்று மகன் ஒருநாள் மெதுவாகக் கேட்டான். அம்பயர் சொன்னால் சொன்னதுதான், எதிர்த்துக் கேட்பது நல்ல பிள்ளைக்கு அழகில்லை என்று வாயை அடைத்துவிட்டார். பையன் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

கடைசி ஆட்டம் மறுபடியும் டவுன் அணியோடு. மாநில அணிக்கு ஆள் எடுப்பவர் அன்றைக்கு வருவதாக மணியம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். தொடக்க ஆட்டக்காரன் ஒருவனுக்குத்தான் இடம் இருக்கிறது; கவிநேசனைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன், ஆனால் சீசன் முழுக்க அவன் ஓட்டங்கள் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, இன்றைக்கு நின்று ஆடிக் காட்டினால் போதும் என்றார். பையன் ஒரு வாரமாக வீட்டு வாசலில் சுவரில் பந்தை அடித்து அடித்துப் பழகினான். சனிக்கிழமை காலையில் கமலவேணி கணவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இன்னிக்கு ஒரு நாளு மட்டும் நீங்க நிக்காதீங்க. வேற யாரையாச்சும் நிக்கச் சொல்லுங்க."

கேட்டாரா? இத்தனை வாரம் நின்றுவிட்டு இன்றைக்கு மட்டும் நழுவினால் அந்த மீரா சாஹிப் என்ன சொல்வார் என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்றைக்குப் பையன் ஆடிய ஆட்டத்தைக் கண்கொண்டு பார்த்திருக்க வேண்டும். அவசரம் இல்லை, பதற்றம் இல்லை. விட வேண்டியதை விட்டான், அடிக்க வேண்டியதை அடித்தான். மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாநிலத்து ஆள் போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க ஆரம்பித்தார். இருபத்தேழு ஓட்டம் ஆயிற்று. ஸுஹைர் பந்து போட்டான். பந்து உள்ளே திரும்பி, மட்டையின் ஓரத்தில் டொக்கென்று பட்டு, அப்புறம் காலில் விழுந்தது. அந்தச் சத்தம் கணேசமூர்த்திக்குத் தெளிவாகக் கேட்டது. ஸுஹைருக்கும் கேட்டிருக்கும், பாதி தூக்கிய கையை இறக்கிவிட்டான். விக்கெட் கீப்பர் மட்டும் தொண்டை கிழியக் கத்தினான்.

கணேசமூர்த்தி மகனைப் பார்க்கவில்லை. எல்லைக்கோட்டில் நின்ற மீரா சாஹிப்பைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே விரலைத் தூக்கினார்.

பையன் ஒரு கணம் நின்றான். மட்டையைக் காட்டவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தான். கூடாரத்துக்கு நாற்பது தப்படி இருக்கும். தவறான தீர்ப்பை அம்பயரே திருத்திப் பையனைத் திரும்பக் கூப்பிடலாம் என்று விதி இருப்பது கணேசமூர்த்திக்கு மனப்பாடம். கூப்பிடு, கூப்பிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்? பையன் நாற்பது தப்படியும் நடந்து முடித்தான். கைதட்டல் எழுந்தது. மகனுக்கு இல்லை, அப்பாவுக்கு. முதலில் தட்டியவர் மீரா சாஹிப்.

ஆட்டம் முடிந்ததும் அவர் ஓடி வந்து இரண்டு கையாலும் இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, அன்னிக்கு நான் வெளாட்டா சொன்னத மன்னிச்சிருங்க. சொந்தப் பிள்ளைன்னுகூடப் பாக்கல நீங்க."

பக்கத்தில் நின்ற ஸுஹைர், வாப்பா, அது பேட்டில் பட்டது என்று இழுத்தான். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே என்று மீரா சாஹிப் அவனை அதட்டினார். கணேசமூர்த்தி சிரித்துக்கொண்டு, பரவாயில்லை பாய் என்றார். என்ன பரவாயில்லை? யாருக்குப் பரவாயில்லை? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. ஆனாலும் சிரித்தார்.

பெயர்ப் பட்டியல் வர இரண்டு வாரம் இருந்தது. மணியத்துக்கு ஒரு போன் போட்டு, என் தீர்ப்பு தப்பு, பையன் அவுட் இல்லை, அந்த மாநிலத்து ஆளிடம் சொல்லுங்கள் என்றால் ஒருவேளை காரியம் நடந்திருக்கும். தினமும் போனைக் கையில் எடுத்தார். வாட்சாப்பில் எழுதினார், அழித்தார். முந்தைய வாரத்துத் தீர்ப்புகளையும் கிளறுவார்களே, மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று பயம். பதினான்கு நாளும் இப்படியே போயிற்று. பட்டியல் வந்தது. கவிநேசன் பெயர் இல்லை. பையன் அம்மா போனில் ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தான், போனைத் திருப்பிக் கொடுத்தான், குளிக்கப் போனான். குளியலறையில் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. கணேசமூர்த்தி கதவுக்கு வெளியே நின்றார், தட்டக் கை வரவில்லை.

அடுத்த ஞாயிறு பாயா ரும்புட் பாலாய் ராயா என்னும் ஊர்ப் பொது மண்டபத்தில் பரிசளிப்பு. பொரித்த மீகூன் சேமியா, ரோஜா சிராப்புத் தண்ணீர், ஆறு அணிக் குடும்பங்களும் வந்திருந்தன. கோப்பைகள் எல்லாம் கொடுத்து முடித்த பிறகு மணியம் ஒரு கேடயத்தைத் தூக்கிக் காட்டினார். சீசனின் நேர்மையான அம்பயருக்கு, அணிகள் எல்லாம் சேர்ந்து தேர்ந்தெடுத்தது என்றார். பேரைச் சொல்வதற்கு முன்னாலேயே மண்டபத்தில் எல்லாரும் கணேசமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மேடையேறினார். கேடயத்தை வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கலாம். முடியவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"இது எனக்கு வேணாங்க. கடைசி ஆட்டத்துல எம்மவன் அவுட் இல்ல. பேட்ல பட்ட சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நீங்கள்லாம் என்னைத் தப்பா சொல்லிருவீங்கன்னு பயந்து கொடுத்தேன்."

காறித் துப்புவார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். துப்பியிருந்தால் தேவலை. யாரோ ஒருவர் கைதட்டினார். அப்புறம் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் மண்டபமே எழுந்து நின்று தட்டியது. இத்தனை பேர் முன்னால் தப்பை ஒத்துக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும், இதற்காகவே இந்தக் கேடயம் இவருக்குத்தான் என்று மணியம் அதை மறுபடியும் இவர் கையில் திணித்தார். மீரா சாஹிப் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கணேசமூர்த்தி இறங்கி மகனைத் தேடிக்கொண்டு போனார். கவிநேசன் கடைசி வரிசையில் மீகூன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் குனிந்து, என்னை மன்னித்துவிடு ஐயா என்றார். பையன் கேடயத்தைப் பார்த்தான், அப்புறம் அவரைப் பார்த்தான். கோபம் இல்லை, அழுகை இல்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரிச் சொன்னான்.

"அன்னிக்கும் உங்களுக்குத்தான் கை தட்டுனாங்கப்பா. இன்னிக்கும் உங்களுக்குத்தான்."

பின்னால் கணேசமூர்த்தியின் கையைக் குலுக்க நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள்.