ஓல்காவுக்கு மூன்று முடிவுகள்

1.

இந்தக் கதை என்னுடையதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யமிலே கொடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொகோட்டாவில் வழக்கம்போல மத்தியானம் மழை பிடித்துக்கொண்டபோது, என் அடுப்பில் வாழைக்காய் பொரித்துக்கொண்டே கொடுத்தாள்.

"உன் சீரியலுக்கு ஆள் தேடிட்டு இருக்கியே, என்னை எடுத்துக்கோ. என் கதை எனக்கு ஒண்ணுத்துக்கும் உதவல, உனக்காவது உதவட்டும்."

நான் தொலைக்காட்சித் தொடர் எழுதுகிறவள். 'நாலு நாற்காலி' நான் எழுதியதுதான். பெண்களைக் காதலிக்கும் நாலு பெண்கள். ஞாயிறுதோறும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். ஒருத்தியின் பழைய காதலி இன்னொருத்தியின் புதுக் காதலியாக வந்து உட்காருகிறாள். யாரும் யாரையும் விட்டுத் தொலைவதில்லை. பார்க்காதவர்களுக்கு இவ்வளவு போதும்.

அதில் வரும் மக்னோலியாதான் யமிலே. மக்னோலியா தன் காதலியோடு பல வருடமாகக் குடும்பம் நடத்துகிறாள். தன் அம்மா ஓல்காவிடம் மட்டும் 'வாடகையைப் பங்கு போட்டுக்கிற தோழி' என்று சொல்லி வைத்திருக்கிறாள். நிஜத்திலும் அப்படியேதான். நிஜத்தில் அந்தத் தோழியின் பெயர் ரோசியோ. அவளை யமிலேவுக்கு அறிமுகம் செய்து வைத்தது நான். அதற்கு முன்பு ரோசியோவின் இடத்தில் இருந்ததும் நான்தான்.*

(* எங்கள் கூட்டத்தில் இது சகஜம். காதல் முடிந்தால் ஆளை வெளியே அனுப்ப மாட்டோம், வேறு நாற்காலிக்கு மாற்றுவோம்.)

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"தோன்யா எதெல்மிராவுக்குத் தன் மகளைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அந்த வெள்ளை மனசுக்காரி"

நிறுத்திவிட்டேன். ஏன் என்பது ஐந்தாம் பகுதியில் தெரியும். அந்த வரியை அடிக்காமல் விட்டுவைக்கிறேன், நான் எவ்வளவு புத்திசாலி என்பதற்கு அடையாளமாக இருக்கட்டும்.

எதெல்மிரா யமிலேயின் அம்மா. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோரும் தோன்யா என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். யமிலே வேலை முடிந்து அம்மா வீட்டுக்குப் போய், சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து என் தொடரைப் பார்த்துவிட்டுத்தான் ரோசியோவிடம் போவாள். போகிற வழியில் எனக்கு போன் வரும்.

"இன்னைக்கும் திட்டினாங்க."

"யாரை? ரெண்டு பேர் முத்தம் கொடுத்துக்கிட்டாங்களே, அதுக்கா?"

"அதுக்கெல்லாம் இல்ல. அப்போ சாக்லேட்ட ஊதி ஊதிக் குடிச்சிட்டு இருந்தாங்க. மக்னோலியா அம்மாவுக்கு போன் பண்ணினா பாரு, அப்பதான். 'அந்த மூஞ்சியப் பாரு, பெத்தவகிட்ட எப்படி வாய் கூசாம புளுகறா'ன்னு. 'அவளுக்குப் பயமா இருக்கும்மா'ன்னேன். 'என்ன பயம்? ஓல்கா என்ன கடிச்சா திங்கப் போறா?'ங்கறாங்க."

"அப்போ நல்லதுதானே?"

"என்ன நல்லது? இத்தனை நாளா, பொண்ணைக் காதலிக்கறேன்னு தெரிஞ்சா என்ன சொல்வாங்களோன்னுதான் பயந்தேன். இப்போ இத்தனை வருஷம் புளுகினது தெரிஞ்சா என்ன சொல்வாங்களோன்னு பயமா இருக்கு."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

3.

இங்கே தொழில் விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதுகிறோம். கடைசிக் காட்சி வெளியே கசிந்துவிடக் கூடாது என்பதற்காக மூன்று முடிவுகளைப் படம்பிடிப்போம். மூன்றிலும் அதே நடிகைகள் அழுவார்கள். எது வரும் என்று அவர்களுக்கும் தெரியாது, எழுதிய எனக்கும் தெரியாது. ஒளிபரப்பாகும் அன்று தயாரிப்பாளரும் சேனல்காரர்களும் சேர்ந்து ஒன்றைப் பொறுக்குவார்கள்.

முதல் முடிவில் மக்னோலியா உண்மையைச் சொல்கிறாள், ஓல்கா அவளை இழுத்து அணைத்துக்கொள்கிறாள். இரண்டாவதில் ஓல்கா கதவைச் சாத்துகிறாள். மூன்றாவதில் மக்னோலியா அம்மா வீடு போய்ச் சேரவே இல்லை, பஸ் கவிழ்ந்துவிடுகிறது.

மூன்றாவது, தயாரிப்பாளர் ஹெர்னான் போட்ட பிச்சை.

"ரெண்டு பொம்பளைங்க நல்லா இருந்துட்டா ஜனங்க எதுக்கு அழுவாங்க? ஒருத்தியக் கொல்லு."

"போன சீரியல்லயும் ஒருத்தியக் கொன்னீங்களே."

"அது படகு. இது பஸ்."

எழுதிக் கொடுத்தேன். (இந்த இடத்தில் நான் கதவை அறைந்துவிட்டு வெளியேறியதாக ஒரு பத்தி இருந்தது. வெளியேறவில்லை, எடுத்துவிட்டேன்.)

4.

மூன்றையும் படம்பிடித்து முடித்த வாரம், நாங்கள் ஞாயிறுதோறும் கூடிச் சாப்பிடும் மேஜையில் எல்லோர் முன்னாலும் யமிலே சொன்னாள்:

"அணைச்சுக்கற முடிவு வந்தா, அந்த நிமிஷமே அம்மாகிட்ட சொல்லிடுவேன். வேற எது வந்தாலும் சொல்ல மாட்டேன். எப்பவுமே."

ரோசியோ கரண்டியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். "எப்பவுமேன்னா? உங்கம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் வெறும் வாடகைத் தோழியா வாசல்ல நின்னுட்டுத் திரும்பணும், அப்படித்தானே?"

எனக்கு யமிலே மேல் கோபம் வந்தது.

"பைத்தியமா உனக்கு? போயும் போயும் ஹெர்னான் கையில கொண்டு போய் கொடுக்கறியே."

"உன் கையிலன்னுதான் நெனச்சேன்" என்றாள்.

5.

கடைசி வாரம் தோன்யா எதெல்மிரா என்னை வரச் சொன்னார். முடிவைக் கேட்கத்தான் என்று நினைத்தேன். மீன்காரர்கூட என்னிடம் முடிவைக் கேட்டுவிட்டுத்தான் மீனை நிறுக்கிற காலம் அது.

சாக்லேட் கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி கோப்பையில் சீஸ் துண்டுகளைப் போட்டு, மேலே சாக்லேட்டை ஊற்றி என் முன்னால் வைத்தார்.

"கண்ணு, ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. ஓல்காவை நீ சரியா எழுதல."

"ஏன் தோன்யா?"

"வருஷக்கணக்கா ஒரு பொண்ணு இவ பொண்ணு கூடவே இருக்கா. கிறிஸ்துமஸுக்கு வரா, ஒரே கட்டில்ல தூங்கறா, இவ பொண்ணுக்கு ஜுரம்னா அவ மூஞ்சி வாடிப் போகுது. ஓல்காவுக்கு ஒண்ணுமே தெரியாதாம். என்ன, அவ மூளையக் கழட்டி வெச்சுட்டாளா?"

நான் குனிந்து சீஸைத் தேடினேன்.

"அவளுக்கு முன்னாடி இன்னொருத்தி வந்து போனாளே, அதுவுமா தெரியாது?" என்றார். "குடி, ஆறிடப் போகுது. உனக்கு எப்பவும் ரெண்டு துண்டு. ரோசியோவுக்கு ஒண்ணு போதும்."

பக்கம் பக்கமாக வசனம் எழுதுகிறவளுக்கு வாயில் வந்தது இதுதான்:

"அப்போ ஓல்காவே கேட்டுடலாமே தோன்யா?"

"கேக்க மாட்டா. கேட்டா, மககிட்டேருந்து பிடுங்கின மாதிரி ஆயிடும். அவளா கொண்டாந்து கொடுக்கணும்." அடுப்பை அணைத்தார். "கொடுக்காம இருக்கறதுதான் ஓல்காவுக்குக் கஷ்டமா இருக்கு. நாம அவ்வளவு மோசமான அம்மாவா இருந்திருக்கோமான்னு தோணுது."

அவர் கண்ணைத் துடைக்கவில்லை. அடுப்பைத் துடைத்தார்.

"இதை யமிலேகிட்ட சொல்லிடாதே. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

6.

'சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே' என்கிறீர்கள். ஒரு போன்தான். எல்லாம் சுபம்.

அந்த முடிவையும் எழுதிப் பார்த்தேன். ("யமிலே, அம்மாவுக்கு எல்லாம் தெரியும்" என்றேன். அவள் ஓடிப்போய்) அதற்கு மேல் ஓடவில்லை. தோன்யா பிடுங்கக் கூடாது என்று இத்தனை வருஷம் காத்திருந்ததை நான் பிடுங்கிக் கொடுத்த மாதிரி இருந்தது.

அதனால் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். ஓல்காவைத் திருத்தி எழுதினேன். ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரிந்துகொண்டு கதவருகே காத்திருக்கும் ஓல்கா. நான் எழுதியதிலேயே நல்ல காட்சி அதுதான். யமிலே பார்த்தால் புரிந்துகொள்வாள்.

ஹெர்னான் படித்தார், தலையை ஆட்டினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா செட்டைப் பிரிச்சாச்சே. ஓல்காவா நடிச்சவ மாமியார் வேஷம் கட்ட மெக்சிகோ போயாச்சு."

ஆக, மூன்று முடிவுகள்தான். மூன்றிலும் ஒன்றும் தெரியாத அந்த மக்கு ஓல்கா.

7.

கடைசிப் பகுதி ஒளிபரப்பான வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் தனியாக இருந்தேன். கடைசி விளம்பர இடைவேளை வந்தது. அடுத்தது முடிவு. போனில் யமிலேயின் செய்தி:

"அம்மா டிவிய அணைச்சுட்டாங்க."

உடனே இன்னொன்று: "ஒரு நாள்கூடப் பாக்காம விட்டதில்லையே. அணைச்சுட்டு என்னையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க. ஒண்ணும் கேக்கல. நான் என்ன பேசறது? சீக்கிரம் எழுதி அனுப்பு."

எழுதினேன்.

"அம்மா, நான் உங்ககிட்ட" (அழித்தேன்.)

"முதல்ல மன்னிப்புக் கேளு, அப்புறம் ரோசியோவைப் பத்தி" (அழித்தேன்.)

"பயப்படாதே, அவங்களுக்கு" (அழித்தேன். இதை அழிப்பதற்குத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேன்.)

கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: "போனைக் கீழே வை."

வைத்துவிட்டாள் போலிருக்கிறது, பதில் வரவில்லை.

8.

அன்று வந்தது எந்த முடிவு என்று ஊருக்கே தெரியும். அழுதவர்கள் அழுதார்கள், ஹெர்னானைத் திட்டியவர்கள் திட்டினார்கள். அந்த ஒரு வீட்டில் மட்டும் பார்க்கவில்லை. அங்கே முதலில் வாயைத் திறந்தது யார், என்ன சொன்னார்கள் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதினால் வசனம் மாதிரி ஆகிவிடும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மக்னோலியாவுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று தாயும் மகளும் இன்றுவரை என்னிடம் கேட்கவில்லை.