‘இல்லை’ என்று சொன்னவர்கள்

இன்னும் ஐந்து வருஷத்தில் உலகத்தில் எத்தனை பேர் இணையத்தில் இருப்பார்கள், கடைக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் தொழில்நுட்பத்துக்கு எவ்வளவு செலவழிப்பார்கள் என்று கணித்துச் சொல்வதுதான் அனுசுயாவின் வேலை. திருச்சி மன்னார்புரத்தில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அவளுடைய அலுவலகம். அங்கே பதினான்கு பேர் இருந்தார்கள், தலைமை அலுவலகம் சிங்கப்பூரில். அவளுடைய மாமியார் அக்கம்பக்கத்தில் இதைக் கம்ப்யூட்டர் ஜோசியம் என்று சொல்லி வைத்திருந்தார்.

அந்த வருஷம் அவளுக்கு வந்த பகுதி, பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சின்னக் கடைகளும் தொழில்களும். தமிழ்நாட்டு மாவட்டங்களில் தொலைபேசியில் கேள்வி கேட்டு வாங்கிய பதில்கள் வந்து சேர்ந்தன. கணக்கை ஓட்டிப் பார்த்தாள். வரைபடத்தில் கோடு மேலே ஏறாமல் படுத்துக்கிடந்தது. கேட்டவர்களில் பாதிக்கு மேல் இணையம் பயன்படுத்துவதில்லை என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த அறிக்கைக்காக ஒரு வெளிநாட்டுக் கம்பெனி காத்திருந்தது. சின்னக் கடைகளுக்குத் தமிழிலேயே ஒரு மென்பொருள் செய்யலாமா, வேண்டாமா என்று அதை வைத்துத்தான் முடிவெடுக்கப் போகிறார்கள். இந்த நம்பர் இப்படியே போனால் அந்தத் திட்டத்தை மூடிவிடுவார்கள் என்பது அனுசுயாவுக்குத் தெரியும்.

அவளுடைய மேலாளர் பெனடிக்ட் நல்ல மனிதர்தான், ஆனால் சூடு கண்டவர். "போன வருஷம் கூடுதலா எழுதி நாம வாங்கிக் கட்டிக்கிட்டது போதும்மா. வந்த நம்பரை அப்படியே அனுப்பிடுங்க" என்றார். கூடுதலாக எழுதியது அனுசுயாதான்.

அனுப்புவதற்கு முன் சில அழைப்புப் பதிவுகளைக் கேட்டுப் பார்ப்பது வழக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். ஏழாவது பதிவு வையம்பட்டியில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கும் வீராயி.

"நீங்கள் இணையம் பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்கிறது ஒரு பெண் குரல்.

"அதெல்லாம் நம்மகிட்ட இல்லீங்க."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே, பின்னால், போனில் பணம் வந்தால் அறிவிக்கும் பெட்டி ஒன்று தெளிவாகச் சொல்கிறது: "முந்நூற்று நாற்பது ரூபாய் பெறப்பட்டது."

அனுசுயா காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பக் கேட்டாள். பக்கத்து மேசை இம்தியாஸைக் கூப்பிட்டு அவனையும் கேட்கவைத்தாள். அவன் சிரித்துவிட்டான். "என்னங்க இது, நெட்டு இல்லைன்னு இவங்க சொல்றாங்க, இருக்குன்னு பெட்டி சொல்லுது!"

இணையம் இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால், கேள்வித்தாள் அதற்கடுத்த கேள்விகளைத் தாண்டிப் போய்விடும். செலவு என்ற இடத்தில் பூஜ்யம் விழுந்துவிடும். எத்தனை பேருக்கு அப்படி விழுந்ததோ!

பெனடிக்டிடம் போய் நின்றாள். அவர் பதிவைக் கேட்டார், மோவாயைத் தடவினார். "ஒரு பெட்டி சத்தத்தை வச்சு அறிக்கையை மாத்த முடியாதும்மா."

"மாத்தச் சொல்லலை சார். நாலு நாள் குடுங்க. போன வருஷம் மாதிரி நான் ஆசைப்பட்டுப் பேசுறேனான்னு எனக்கே தெரிஞ்சுக்கணும்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவரை அசைத்தது. நாலு நாள் கிடைத்தது.

மறுநாள் காலை பஞ்சப்பூர் பஸ் நிலையத்தில் திண்டுக்கல் பஸ் ஏறி வையம்பட்டியில் இறங்கினாள். தவிடும் பிண்ணாக்குமாக மூட்டைகள் அடுக்கிய கடையில் வீராயி நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். வந்த விஷயத்தைச் சொன்னதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"இன்டர்நெட்டுங்கிறது கம்ப்யூட்டர்ல வர்றதுதானே? எங்க மக காலேஜ்ல இருக்கு. எனக்கெதுக்கும்மா அது?"

"மக்காச்சோளம் வேணும்னா யாருகிட்டங்க சொல்லுவீங்க?"

"நாமக்கல்லுக்குத்தான். இந்தா பாரு." போனை எடுத்து நீட்டினார். முழுக்கக் குரல் செய்திகளும் படங்களும். காலையில் வந்த விலை, லாரி எங்கே வருகிறது என்ற படம், மாடு தீவனம் எடுக்க மாட்டேன் என்கிறது என்று ஒரு விவசாயி பேசி அனுப்பியது. "எனக்கு எழுத வராது. பேசி அனுப்பிடுவேன். அம்பத்திரண்டு பேரு இருக்காங்க இதுல." போனுக்கும் பெட்டிக்கும் மாதாமாதம் கட்டுவதைப் பற்றிக் கேட்டபோது, "அது கரண்ட் பில்லு மாதிரி. அதைப் போயி செலவுன்னு சொல்லுவாங்களா?" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அனுசுயா ஜன்னலோரம் உட்கார்ந்து கேள்வியைத் திருத்தி எழுதினாள். ‘நேற்று போனில் என்னென்ன செய்தீர்கள்?’

அடுத்த நாள் அவளும் இம்தியாஸும் ஸ்ரீரங்கத்தில், சாத்தார வீதிப் பூக்கடைகளில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். முதல் கடையிலேயே அடி விழுந்தது. அழகம்மாள் என்ற அந்தப் பூ வியாபாரி இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் போன்ல என்ன செஞ்சா உங்களுக்கென்ன? யாரு நீங்க, போலீஸா?"

இம்தியாஸ் ஒரு முழம் மல்லிகை வாங்கிச் சமாதானம் செய்தான். அனுசுயா யோசித்துவிட்டு, போன் என்ற சொல்லையே விட்டுவிட்டுக் கேட்டாள். "கல்யாண ஆர்டர் உங்களுக்கு எப்படிங்க வருது?"

அவ்வளவுதான். அழகம்மாள் கால் மணி நேரம் பேசினார். மாலையின் படத்தை அனுப்புவதையும், கனடாவில் இருக்கிற பெண் வீட்டார் வீடியோவில் பார்த்து ரோஜாவை மாற்றச் சொன்னதையும் சொன்னார். இணையம் என்ற வார்த்தை ஒருமுறைகூட வரவில்லை.

மீதி இரண்டு நாளும் ஆபீசில் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தார்கள். இல்லை என்று சொன்ன நூற்றைம்பது பேரைக் கூப்பிட்டதில் எண்பத்தேழு பேர் போனில் இணையத்தை வைத்தே தொழில் நடத்துகிறவர்கள். அனுசுயா துள்ளியிருப்பாள். ஆனால் நியாயத்துக்காக, ஆமாம் என்று சொன்னவர்களில் நூறு பேரையும் கூப்பிட்டிருந்தாள். அதில் இருபத்திரண்டு பேர் மென்பொருளை வாங்கி வைத்துவிட்டு, புரியாத மொழியில் இருக்கிறதென்று தொடாமலே விட்டவர்கள். கோடு ஏறியது, அவள் மனதுக்குள் நினைத்திருந்த அளவுக்கு இல்லை.

இரண்டையும் ஒளிக்காமல் எழுதினாள். பெனடிக்ட் அந்த இருபத்திரண்டு பேர் இருந்த பக்கத்தில்தான் அதிக நேரம் நின்றார். "இதுதாம்மா நம்ம அறிக்கையை நம்பவைக்கும்" என்று சொல்லி, தன் பெயரையும் சேர்த்து அனுப்பினார்.

சிங்கப்பூர் முழுசாக இறங்கி வரவில்லை. பழைய நம்பரை அப்படியே வைத்துக்கொண்டு, அனுசுயாவின் கணிப்பைத் தனி அத்தியாயமாகச் சேர்த்தார்கள். ஆனால் அந்த வெளிநாட்டுக் கம்பெனி அத்தியாயத்தைப் படித்தது. திட்டத்தை மூடவில்லை. திருச்சியையும் சேர்த்து மூன்று ஊர்களில் ஆறு மாதம் நடத்திப் பார்க்கிறோம், எழுதத் தெரியாதவர்களுக்குப் பேசினாலே வேலை செய்கிற மாதிரி வேண்டும் என்று கடிதம் வந்தது. அனுசுயா அதை வாய்விட்டு இம்தியாஸுக்குப் படித்துக் காட்டினாள்.

இரண்டு வாரம் கழித்து, அனுசுயாவின் கம்பெனிக்கு நைரோபியில் இருக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். அங்கேயும் மீன் விற்கிறவர்கள், இணையம் தங்களிடம் இல்லை என்றுதான் சொல்கிறார்களாம். நீங்கள் எப்படிக் கேட்டீர்கள் என்று சொல்ல முடியுமா?

பெனடிக்ட் அவளுடைய திரையை எட்டிப் பார்த்தார். "அங்க நம்பர் கூடுமாம்மா?"

"தெரியலைங்க சார். குறைஞ்சாலும் குறையலாம்."

"சரி, எழுதுங்க. அந்தப் பூக்காரம்மா போலீஸான்னு கேட்டாங்களே, அதையும் மறக்காம எழுதுங்க."

அனுசுயா சிரித்துக்கொண்டே எழுத ஆரம்பித்தாள்.