இரண்டு வெள்ளிச் சீட்டு

"இந்தத் தாளக் காசுன்னு யாரும்மா சொன்னா?"

ஏழு வயதில் மகள் தர்ஷினி ஒரு வெள்ளி நோட்டை, மலேசிய ரிங்கிட்டை, திருப்பித் திருப்பிப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. "அரசாங்கம்" என்று சொல்லி அன்றைக்கு முடித்துவிட்டாள் லோகேஸ்வரி. கொரோனா ஊரடங்கில் ரிங்லெட் மலைச்சாலை வெறிச்சோடியபோதுதான் அந்தக் கேள்வி திரும்பி வந்து அவள் எதிரே உட்கார்ந்தது.

தேயிலை வேலை பாதி நாள், சம்பளமும் பாதி. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் யார் கையிலும் காசில்லை. கீழே விஜயனின் காய்கறித் தோட்டத்திலோ வாங்க ஆளில்லாமல் முட்டைக்கோஸ் அழுகியது. காய் இருந்தது, பசி இருந்தது, நடுவில் தாள்தான் இல்லை.

லயத்து மாரியம்மன் கோயிலுக்கு லோகேஸ்வரிதான் பொருளாளர். பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து அர்ச்சனைச் சீட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தாள். சீட்டு இரண்டு வெள்ளி. இருபது வீட்டுக்கும் ஐந்தைந்தாக நூறு சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். கோயில் திறந்ததும், சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் பேருக்கு அர்ச்சனை. இது அம்மன் மேல் வாக்கு.

விஜயன் சீட்டுக்குக் காய் கொடுத்தார். அதே சீட்டுக்குத் தையல்காரி மலர் அவர் மகளுக்குச் சட்டை தைத்தாள். மலர் அதை நாகப்பன் மளிகைக் கடையில் நீட்டி அரிசி வாங்கினாள்.

மூன்றாம் வாரம் நாகப்பன் லோகேஸ்வரி வீட்டுக்குப் பிஸ்கட் டின்னோடு வந்தார்.

"அறுபது சீட்டு சேந்துபோச்சு, லோகேசு. எனக்கு அரிசி போடுற மொத்தக் கடை தவுக்கே அர்ச்சனையா பண்ணப் போறாரு? நாளையிலேர்ந்து சீட்டு வேணாம்லா."

கூடவே கோயில் தலைவர் சிவசாமி. பழைய கிராணி, தோட்டக் கணக்கர். "காசு அடிக்கிறது கவர்மெண்டு வேல. போலீசுக்குத் தெரிஞ்சா கோயிலுக்கே பூட்டு. வெளிய போன சீட்டெல்லாம் செல்லாதுன்னு சொல்லிடு."

அந்த ஒரு சொல் இருபது வீட்டு அடுப்பையும் அணைத்துவிடும். லோகேஸ்வரியின் குரல் கலங்கவில்லை.

"நான் சொல்ல மாட்டேன் ஐயா. நான் காசு அடிக்கல. அர்ச்சனைச் சீட்டு கை மாறுறது குத்தம்னா போலீசு வந்து எழுதிக்கட்டும். பேனாகூட நானே தரேன்."

"கோயிலுக்கு எரநூறு வெள்ளி நட்டம். யாரு கட்டுவா, ஒங்கப்பனா?"

"நான் கட்டுவேன்."

பிறகு நாகப்பனிடம் திரும்பினாள். "டின்னுல பூட்டி வச்சா அது எப்படிண்ணே ஓடும்? காயெல்லாம் விஜயண்ணன்கிட்டதான எடுக்குறீங்க? அவருக்குச் சீட்டக் குடுங்க. கடக் கூரை ஒழுகுதே, நம்ம லயத்துத் தச்சர் முனியாண்டி சீட்டுக்கு ஏறி அடிச்சுத் தருவாரு. அரிசிக்கு மட்டும் வெள்ளி வாங்குங்க, மத்ததுக்குச் சீட்டு."

நாகப்பன் தலையைச் சொறிந்தார். "கூரைக்கு எத்தன கேப்பான்?"

"கேட்டுப் பாருங்க. ஒங்க அளவுக்குக் கஞ்சனில்ல அவரு."

சிவசாமி அவள் வைத்த தேநீரைத் தொடாமல் எழுந்து போனார். மறுநாள் அவர் மனைவி ரவிக்கைத் துணியும் மூன்று சீட்டுமாக மலர் வீட்டு வாசலில் நின்றாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர் வெட்கத்தைப் பார்க்காததுபோல் இருப்பதும் தர்மம்தான்.

கோயில் திறந்தது. கொண்டுவந்த ஒவ்வொரு சீட்டுக்கும் அர்ச்சனை நடந்தது. ஊர் பழையபடி வெள்ளிக்குத் திரும்பியது. அந்த இருநூறை எல்லாரும் மறந்தார்கள், சிவசாமியும்கூட.

லோகேஸ்வரி மறக்கவில்லை. சம்பளத்துக்கு மறுநாள் காலையில், பனி விலகுமுன், யாரும் வராத நேரத்தில் உண்டியலில் பத்து வெள்ளி போடுவாள். இருபதாவது மாதம் கடைசிப் பத்தைக் கையில் விரித்து, அதிலிருந்த ராஜா முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். மடித்துப் போட்டாள். ரசீது எழுதவில்லை. விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.